ஜன்னலைப் பிடித்த கம்பெனிக்காரி

அந்த வீட்டில் இரண்டு மருமகள்கள். மூத்தவளைப் பெரியவள் என்றும் இளையவளைச் சின்னவள் என்றும் கூப்பிட்டுக் கூப்பிட்டு, சொந்தப் பெயரைத் திடீரென்று கேட்டால் அவர்களே கொஞ்சம் யோசிப்பார்கள். இது சின்னவளின் கதை. அவளைச் சொல்லச் சொன்னால் பாதியை மென்று விழுங்கிவிடுவாள். அதனால் அவளைக் கேட்காமல் சொல்லிவிடுவதுதான் நல்லது.

சின்னவளின் தொழில் வர்ணம் பூசுவது. சுவருக்கு இல்லை, வரைபடத்துக்கு. வெள்ளைக்காரன் இந்தியாவை ஆண்ட காலத்தில் தகட்டில் செதுக்கி அச்சடித்த வரைபடங்கள் இன்றைக்கும் பழைய புத்தகங்களுக்குள்ளும் பரண்களிலும் அகப்படுகின்றன. அச்சில் விழுந்தது கறுப்புக் கோடு மட்டும்தான். சிவப்பு, மஞ்சள், பச்சை எல்லாம் பிறகு ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து கையால் பூசியவை. வர்ணத்துக்குத் தனியாகக் காசு கொடுக்க மனம் வராதவர்கள் வெறும் கறுப்புத் தாளையே சுருட்டிக்கொண்டு போனார்கள். என்றைக்கோ செத்துப்போன அந்தக் கஞ்சர்களின் புண்ணியத்தில்தான் சின்னவளுக்குப் பிழைப்பு நடந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு புகைப்பட நிலையத்தில் இருந்தவள். கறுப்பு வெள்ளைப் படங்களில் கன்னத்துக்கு ரோஜா நிறமும் உதட்டுக்குச் சிவப்பும் ஏற்றுவது அங்கே அவள் வேலை. சிடுமூஞ்சிகளைக்கூடச் சிரிக்கிற மாதிரி ஆக்கிவிடுவாள் என்று அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. கடைத்தெருவில் பழைய வரைபடம் விற்கிறவர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டுத் தேடி வந்தார். முதலில் ஒரு கிழிசல் தாளைக் கொடுத்துப் பூசச் சொன்னார். பூசியதைச் சாய்த்துப் பார்த்தார், தலைகீழாகப் பார்த்தார், பிறகு இன்னும் பத்துத் தாள்களைக் கட்டிக் கொடுத்தார்.

கடைக்காரர் யோக்கியர்தான். விற்கும்போது தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் "வர்ணம் பிற்காலத்தது" என்று எழுதிவிடுவார். எழுத்து எறும்பு அளவுக்கு இருக்கும். அதைப் படிக்கிற கண் வாங்குகிறவருக்கு இல்லாவிட்டால் கடைக்காரர் என்ன செய்வார்?

வேலை பார்ப்பதற்கு எளிது, செய்வதற்கு இல்லை. பழைய தாள் தண்ணீரைக் கண்டால் குடித்துவிடும். முதலில் படிகாரத் தண்ணீரைத் தடவிக் காயவைத்து அதன் தாகத்தை அடக்க வேண்டும். பிறகு எல்லைக் கோட்டின் உள்பக்கமாக வர்ணத்தில் ஒரு மெல்லிய பட்டை. அது காய்வதற்குள் வெறும் தண்ணீர் தொட்ட இன்னொரு தூரிகையால் உள்நோக்கி இழுத்துவிட்டால் ஓரத்தில் அழுத்தமாகவும் உள்ளே போகப் போக வெளிறியும் நிற்கும். எந்த இடத்துக்கு எந்த நிறம் என்பது வரைபடத்துக்கு வரைபடம் மாறும். கடைக்காரர் தன் கடைக்கென்று ஒரு கணக்கு வைத்திருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி நேராக ஆண்டது சிவப்பு. ராஜாக்கள் கையில் இருந்தது மஞ்சள். ராஜா ராஜாவாகவே இருப்பார், ஆனால் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார் என்றால் பச்சை.

இதற்கெல்லாம் வேண்டியது பகல் வெளிச்சம். அந்த வீட்டில் வெளிச்சம் வரும் ஜன்னல் ஒன்றே ஒன்று. மற்றவை பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். கூடத்தில் தெருவைப் பார்த்த அந்த ஒரு ஜன்னலில்தான் வீட்டுக்கு வர வேண்டிய சூரியன் மொத்தமும் வந்தாக வேண்டும். அந்த ஜன்னலடியில் பெரியவளின் தையல் மெஷின் இருந்தது. இரும்புக்கால் போட்ட மெஷின். சின்னவள் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பிருந்தே அங்கே நிற்பது. அக்கம்பக்கத்துக் கவுன்களும் பள்ளிச் சீருடைகளும் திரைச்சீலைகளும் அதன் வழியாகத்தான் பிறந்தன.

பெரியவளிடம் போய் ஜன்னலைக் கொடு என்று கேட்க முடியாது. அந்தத் தெருவில் அவளோடு சண்டை போட்டு ஜெயித்தவர்கள் கிடையாது. வாடகையை ஏற்ற வந்த வீட்டுக்காரர், அவள் பேசி முடித்தபோது, குழாயை மாற்றித் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். ஏன் சொன்னோம் என்று அவருக்கே இன்றுவரை தெரியாது. அப்படிப்பட்ட வாய்.

ஆகவே சின்னவள் உள்ளறையில் பல்பு வெளிச்சத்தில் வேலை பார்த்தாள். அங்கேதான் வினை வந்தது. பழுப்பேறிய தாளில் இளமஞ்சள் பூசினால் பல்பு வெளிச்சத்தில் அது கண்ணுக்கே தெரியாது. ஒரு பெரிய சமஸ்தானத்தைச் சுற்றி மஞ்சள் பூசி முடித்துவிட்டுச் சாப்பிடப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் எல்லை வெறுமையாக இருந்தது. அத்தனை எல்லைகளில் எதை முடித்தோம் என்ற ஞாபகம் தப்பி, இது பக்கத்துச் சிவப்போடு சேர்ந்தது போல என்று நினைத்துச் சுற்றிலும் சிவப்பை இழுத்துவிட்டாள். மறுநாள் கடையில் வைத்துப் பார்த்தபோது மஞ்சளும் சிவப்பும் கலந்து அந்தச் சமஸ்தானம் முழுக்கச் சொறி பிடித்ததுபோல் இருந்தது.

கடைக்காரர் கோபப்படுகிறவர் இல்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகத்தான் சொன்னார்.

"ஒரு ராஜாவோட நாட்டையே கம்பெனிக்குத் தாரை வார்த்துட்டியேம்மா. கம்பெனிக்காரனே இதைப் பிடிக்கத் தலைகீழா நின்னு பார்த்திருக்கான், முடியலை."

பிறகு விஷயத்துக்கு வந்தார். ஒரு முழுப் புத்தகம் வந்திருக்கிறது, அத்தனையும் வர்ணம் பூசாத தாள்கள், ஒரு வருஷத்துக்குக் கவலையில்லாத வேலை. அதை அவளிடமே கொடுக்கத்தான் அவருக்கு ஆசை. ஆனால் இன்னொரு தாள் இப்படி ஆனால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும். சொல்லிவிட்டு அவளுக்குத் தேநீர் வரவழைத்தார்.

சின்னவளின் கணவனுக்கு மருந்துக் கம்பெனியில் வேலை. மாதத்தில் பாதி நாள் ஊர் சுற்றுவான். வீட்டுச் செலவுக்குக் கொடுத்தது போக அவன் கையில் எதுவும் நிற்காது. சின்னவளுக்கு இந்த வேலை வெறும் கைச்செலவுக்கு இல்லை. காலையில் எழுந்ததும் நினைத்துக்கொள்வதற்கு அவளுக்கென்று இருந்தது இது ஒன்றுதான். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் பெரியவள் சிரிப்பாள்.

கடைக்காரருக்குத் தாள் விற்பதைவிடக் கதை சொல்வதில்தான் ருசி. ஒவ்வொரு தாளைக் கொடுக்கும்போதும் எந்த இடம் எப்படிக் கம்பெனி கைக்குப் போனது என்று சொல்லித்தான் அனுப்புவார். அன்றைக்கு அவள் மனம் உடைந்து எழுந்தபோதும் விடவில்லை. ஊரைப் பிடிக்க வருகிறவன் ஊரைக் கேட்க மாட்டான், மூட்டையை வைக்க ஓர் இடம்தான் கேட்பான் என்றார். மூட்டைக்குக் காவலாகச் சுவர், சுவருக்குக் காவலாகச் சிப்பாய். அப்புறம் ராஜாவுக்கே காவல், அந்தக் காவலுக்குக் கூலி. கடைசியில் ராஜா வாரிசில்லாமல் கண்ணை மூடினால் நாடு தானாகச் சிவப்பாகிவிடும்.

சின்னவள் வாசல் வரை போனவள் திரும்பி வந்து, மூட்டைக்கு அப்புறம் என்ன என்று இன்னொரு தடவை கேட்டாள். சரித்திரத்தில் இவளுக்கு இத்தனை ஆர்வமா என்று கடைக்காரர் பூரித்துப்போனார்.

மறுநாளே கம்பெனி கரை இறங்கியது.

"அக்கா, இந்தக் கிண்ணத்தை ஜன்னல் ஓரமா வெச்சுக்கட்டுமா? உள்ள வெச்சா காயவே மாட்டேங்குது."

பெரியவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வைத்துக்கொள்ளச் சொன்னாள். ஒரு கிண்ணம் வந்தது. அதற்குத் துணையாக இன்னொரு கிண்ணம் வந்தது. கிண்ணங்கள் தெருவில் விழுந்துவிடக் கூடாதே என்று ஒரு தட்டு வந்தது. தட்டு வைத்ததும் ஜன்னல் திண்டில் பாதி போயிற்று. பெரியவளின் ஊசிப்பெட்டியும் நூல்கண்டுகளும் மெதுவாக மறுபாதிக்குக் குடிபெயர்ந்தன.

அடுத்தது முக்காலி. நின்றுகொண்டே கிண்ணத்தைக் கலக்கினால் இடுப்பு வலிக்கிறது என்று காரணம். முக்காலிக்கு எதிரே ஒரு குட்டி மேஜை வந்தது எப்போது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. மாமனாருக்குத் தெரியும். அவர் கூடத்து மூலையில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர், அதன் பின்னாலிருந்து எல்லாவற்றையும் பார்ப்பவர். ஆனால் இரண்டு மருமகள்கள் கையிலும் சாப்பிடுகிற மனிதர். வாயைத் திறப்பாரா?

பிறகு பாதுகாப்பு. பெரியவளுக்கு இரண்டு வாண்டுகள். திடீரென்று அவர்களுக்குத் தையல் மெஷின் மீது ஆசை பிறந்தது. சக்கரத்தைச் சுற்றுவதும் நூலை இழுப்பதும் ஊசியை உடைப்பதுமாக ஒரே அட்டகாசம். சக்கரத்தைச் சுற்றினால் கடகடவென்று நன்றாகச் சத்தம் வரும் என்று அவர்களுக்குக் காட்டிக்கொடுத்தது யார் என்று கேட்காதீர்கள். பெரியவள் அடுப்படியில் இருக்கும்போது மெஷினுக்கு யார் காவல்? சின்னவள் இருக்கிறாளே. காவல் இருக்கிற நேரத்தில் கை சும்மா இருக்க வேண்டாம் என்று ஒரு தாளையும் விரித்துக்கொண்டாள். காவல் சும்மா கிடைக்குமா? காலை வெளிச்சம் சின்னவளுக்கு, பதிலுக்கு மாலைச் சமையல் சின்னவள் பொறுப்பு என்று ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. பெரியவள் அதற்கும் சரி என்றாள். சின்னவள் மனசுக்குள் கூடத்தின் ஜன்னல் பக்கத்துக்குப் பச்சைப் பட்டை போட்டுவிட்டாள்.

ஆனால் பச்சை போதவில்லை. பெரியவள் மத்தியானம் மெஷினை மிதித்தால் தரை அதிர்ந்தது, தரையோடு மேஜை அதிர்ந்தது, மேஜையோடு தூரிகை அதிர்ந்தது. சாப்பிட்ட கையோடு பெரியவள் வந்து உட்கார்ந்தால் சின்னவள் தாளைச் சுருட்ட வேண்டியதுதான். புத்தகத்துத் தாள்களோ பெரியவை. அரைப் பகலில் ஆகிற காரியம் இல்லை. ஒன்று மெஷின் இருக்க வேண்டும், இல்லை மேஜை இருக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்துப் பெரியவளின் தம்பி வீடு மாற்றினான். சாமான் கட்ட ஒரு வாரம் வந்து இரு என்று அக்காளைக் கூப்பிட்டான். பெரியவள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனாள். சின்னவளின் கணவன் அன்றைக்கு ஊரில் இருந்தான். மழை பெய்தது. இரண்டும் ஒன்றாக வாய்த்தது சின்னவளின் அதிர்ஷ்டம். ஜன்னல் வழியாகச் சாரல் அடிக்கிறது, அக்காவின் மெஷின் துருப்பிடித்துவிடும் என்று அவள் பதறிய பதற்றத்தைப் பார்த்து அவன் மெஷினை இழுத்துக்கொண்டு போய் உள்ளறையில் வைத்தான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, அக்கா மேல் உனக்கு இவ்வளவு பாசமா என்று கேட்டான். அவள் மேஜையை ஜன்னலுக்கு நேராக இழுத்துப் போட்டாள்.

அந்த ஒரு வாரம் அவள் ராணி. முழு வெளிச்சத்தில் முதல் தாளை முடித்தாள். மஞ்சள் மஞ்சளாக இருந்தது, சிவப்பு எல்லை தாண்டவில்லை. கடைக்காரர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, புத்தகத்தின் தாள்கள் அத்தனையும் உனக்குத்தான் என்றார். எப்படிச் சாதித்தாய் என்று கேட்டார். அவள் அடக்க முடியாமல் ஜன்னலைப் பிடித்த கதையைக் கிண்ணத்திலிருந்து சொன்னாள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இனிமேல் உன் பெயர் கம்பெனிக்காரி என்றார்.

பெரியவள் திரும்பி வரும் நாளுக்கு அவள் தயாராகவே இருந்தாள். சாரலைப் பற்றி ஒரு பதில், துருவைப் பற்றி ஒரு பதில், கூடம் எல்லோருக்கும் பொது என்று ஒரு பதில், எதுவும் எடுபடாவிட்டால் அழுதுவிடுவது என்று முடிவு. கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

பெரியவள் வந்தாள். பையை இறக்கி வைத்தாள். ஜன்னலைப் பார்த்தாள், மேஜையைப் பார்த்தாள். மாமனார் செய்தித்தாளை முகத்துக்கு இன்னும் நெருக்கமாகப் பிடித்துக்கொண்டார். பெரியவள் மெஷின் எங்கே என்று மட்டும் கேட்டாள். உள்ளே என்றதும் உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் மெஷின் மிதிக்கிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

சின்னவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. வெட்டு, குத்து என்று எதிர்பார்த்துக் கச்சை கட்டி நின்றவளுக்கு எதிரே ஆளே வரவில்லை. ஒரு நாள் போனது, ஒரு வாரம் போனது. பெரியவள் ஒரு வார்த்தை பேசவில்லை. குத்தலாகக்கூடப் பேசவில்லை. குழாயடியில் வழக்கமான சண்டைகளைக்கூட அவள் கொஞ்சம் குறைத்துக்கொண்டதுபோல் இருந்தது. பயந்துவிட்டாள் என்று சின்னவள் முதலில் சந்தோஷப்பட்டாள். பிறகு, இவள் பயப்படுகிற ஜாதி இல்லையே, மனசுக்குள் எதையோ வைத்துக்கொண்டு தருணம் பார்க்கிறாள் என்று தனக்கே பயம் வந்தது. ராத்திரி கணவனிடம் புலம்பினாள். சண்டை போட்டாலும் புலம்பல், போடாவிட்டாலும் புலம்பலா என்று அவன் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

ஒரு சனிக்கிழமை பேங்க்கில் வேலை பார்க்கிற அம்மாள் வந்தாள். எதிர்ச்சாரியில் குடியிருப்பவள், பெரியவளின் பழைய வாடிக்கைக்காரி. கையில் ஒரு சாம்பல் நிறக் கவுன். வந்த வேகத்திலேயே கூடத்து நடுவில் நின்று அதை உதறிப் பிடித்தாள். கழுத்தைச் சுற்றி, கை ஓரத்தில், கீழ் மடிப்பில் எல்லாம் தையல் பளிச்சென்று ஊதா நிறத்தில் ஓடியது. தையலில் ஒரு கோணல் இல்லை. அவ்வளவு நேர்த்தியான தையல், அவ்வளவு தப்பான நூல். பெரியவள் உள்ளறையிலிருந்து வந்து கவுனைக் கையில் வாங்கினாள்.

அந்த அம்மாள் பொரிந்து தள்ளினாள். நாளைக்கு இதைப் போட்டுக்கொண்டு ஒரு விசேஷத்துக்குப் போக வேண்டும், எல்லோரும் சிரிப்பார்கள், துணியே ஒரு மாதச் சம்பளம் என்றாள். கடைசியில், கோபத்தில் எல்லோரும் எல்லோரையும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

"ஏங்க, உங்களுக்குக் கண்ணு தெரியலையா?"

வேறு நாளாக இருந்தால் இந்தக் கேள்விக்குப் பெரியவள் கொடுக்கிற பதிலில் அந்த அம்மாள் கவுனை மறந்துவிட்டு வீடு போய்ச் சேர்ந்திருப்பாள். அன்றைக்குப் பெரியவள் கவுனின் கழுத்தோரத்தைக் கட்டைவிரல் நகத்தால் தடவிக்கொண்டே நின்றாள். பிறகு அதைத் தூக்கி, ஜன்னல் இருக்கிற திசைக்குத் திருப்பிப் பிடித்தாள்.

சின்னவள் கையில் தூரிகையோடு ஜன்னலை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெரியவள் அந்தத் துணியை வெளிச்சத்துக்குத் திருப்பியதைப் பார்த்தாள். துணியைப் பார்க்கிற கண் துணியில் நிற்காமல் எங்கேயோ தாண்டிப் போவதையும் பார்த்தாள். நிறத்தையே தொழிலாக வைத்திருப்பவள் அவள். பல்பு வெளிச்சத்தில் மஞ்சள் காணாமல் போவது எப்படி என்று அந்த வீட்டில் அவளைவிடத் தெரிந்தவர் இல்லை. அதே உள்ளறைக்குத்தான், அதே பல்புக்குத்தான் பெரியவளைத் தள்ளிவிட்டிருந்தாள்.

தூரிகையைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு எழுந்தாள்.

"அது நான் பண்ணினதுங்க. அக்கா ஊருக்குப் போயிருந்தாங்க. மெஷின்ல இருந்த நூலை எடுத்துட்டு நான்தான் ஊதாவைக் கோத்து வெச்சேன். அவங்க வந்து பார்க்காம ஓட்டிட்டாங்க."

பேங்க் அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். ஊருக்குப் போன வாரத்துக்கும் துணி கொடுத்த நாளுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் கோபத்தில் இருந்தவள் கணக்குப் பார்க்கவில்லை. திட்டுவதற்குப் புதிதாக ஓர் ஆள் கிடைத்ததே போதும் என்று, அடுத்தவர் பொருளில் கை வைக்கிற புத்தியைப் பற்றிச் சின்னவளுக்கு நீளமாக எடுத்துச் சொன்னாள். சின்னவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். அந்தப் பேச்சில் பாதி தனக்கு நியாயமாகவே சேர வேண்டியது என்று அவளுக்குப் பட்டது. சாயங்காலத்துக்குள் பிரித்துத் தைத்துக் கொடுத்துவிடுகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

இரண்டு பேரும் உள்ளறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்து நூலைப் பிரித்தார்கள். பெரியவள் கைதான் வேகமாகப் பிரித்தது. கண் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நாளாக என்று சின்னவள் கேட்டாள். போன வருஷத்திலிருந்து என்றாள் பெரியவள். எல்லாம் பனி மூடினதுபோல் இருக்கிறது, தைக்கிறதெல்லாம் கைப்பழக்கம், விரல் தானாகவே போகும். நூலுக்கு மட்டும்தான் கண் வேண்டும். ஜன்னலில் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் என்ன நிறம் என்று ஒரு மாதிரி பிடிபடும். இங்கே எல்லா நூல்கண்டும் ஒரே நிறம்தான்.

டாக்டரிடம் போனாயா என்றதற்கு, புரை என்று அவளே முடிவு கட்டிவிட்டதாகவும், கத்தியை நினைத்தாலே குலை நடுங்குவதாகவும் சொன்னாள். வீட்டுக்காரரையே நடுங்கவைத்தவள் நடுங்குகிறேன் என்று சொன்னது சின்னவளுக்குக் கேட்கப் பொறுக்கவில்லை.

"அப்ப நான் மெஷினை நகர்த்தினப்ப ஏன்க்கா சும்மா இருந்தீங்க? நாலு அறை விட்டிருக்கலாமே?"

பெரியவள் ஒரு நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள்.

"சண்டை போட்டா காரணம் சொல்லணும். கண்ணு மங்குதுன்னு தெரிஞ்சா எவ எங்கிட்டத் துணி கொடுப்பா? காரணத்தைச் சொல்றதுக்கு ஜன்னலையே கொடுத்துட்டுப் போயிடலாம்னு தோணுச்சு."

சின்னவளுக்கு அழுகை வந்தது. கண்ணாடி முன்னால் பழகிப் பார்த்த அழுகை இல்லை இது. மூக்கெல்லாம் ஒழுகியது. அவ்வளவு பெருமையாகக் கடையில் போய்ச் சொல்லிச் சிரித்த கதை இப்போது வேறு கதையாகத் தெரிந்தது. தான் கெட்டிக்காரத்தனமாகப் பிடித்ததாக நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் ஒரு மனுஷி வாயைத் திறக்க முடியாமல் விட்டுக்கொடுத்தது. பெரியவள் அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டி, மூக்கைத் துடை, கவுன் மேல் விழுந்தால் அதற்கும் அவள் வருவாள் என்றாள்.

அன்று மத்தியானமே மெஷின் ஜன்னலுக்குத் திரும்பியது. கணவன் ஊரில் இல்லை. இரண்டு பேருமாக, மாமனாரையும் ஒரு பக்கம் பிடிக்க வைத்து இழுத்தார்கள். எதற்காக என்று அவர் கேட்டார். உள்ளறையில் சாரல் அடிக்கிறது என்றாள் சின்னவள். உள்ளறைக்கு ஜன்னலே சுவரைப் பார்த்துத்தான் என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் அவர் தலையை ஆட்டிவிட்டுச் செய்தித்தாளுக்குத் திரும்பினார்.

புது ஏற்பாடு இப்படி ஆனது. வெளிச்சம் கூர்மையாக இருக்கும் காலை நேரம் பெரியவளுக்கு. அந்த நேரத்தில் சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்து நூல்கண்டுகளைப் பிரித்து நிறத்துக்கு ஒரு டப்பாவாகப் போட்டு வைப்பாள். யாராவது வந்தால் இவளுக்குத் தையல் கற்றுக்கொள்ள ஆசை வந்துவிட்டது என்று பெரியவள் அலுத்துக்கொள்வாள். கண் டாக்டரிடம் போக அவள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்: கூட வருவது சின்னவளாக இருக்க வேண்டும், பக்கத்திலிருந்து வாயடிக்கக் கூடாது. டாக்டர் பார்த்துவிட்டு, புரைதான், எடுத்துவிடலாம் என்று நாள் கொடுத்தார். கைவசம் இருக்கிற சீருடைகளை முடித்துவிட்டுத்தான் என்று பெரியவள் அதைத் தள்ளிப் போட்டாள். மத்தியான வெளிச்சம் சின்னவளுக்கு. அதுவும் பக்கத்துக் கட்டடத்தின் நிழல் வந்து விழும் வரைக்கும்தான்.

அதை வைத்துக்கொண்டு அந்தப் பெரிய புத்தகத்தை முடிக்க முடியாது. சின்னவள் ஒரு வாரம் யோசித்தாள். சில நாள் எரிச்சலாகவும் இருந்தது. பிடித்ததைத் திருப்பிக் கொடுப்பது பிடிப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது என்பதை மறைத்து என்ன ஆகப் போகிறது. பிறகு தாள்களில் பாதியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். இதற்கு மேல் என்னால் ஆகாது, வேறு ஆளிடம் கொடுத்துவிடுங்கள் என்றாள்.

கடைக்காரர் நம்பவில்லை. ஏன் என்று குடைந்தார். ஜன்னலைப் பிடித்த கதையை அடக்க முடியாமல் கொட்டிய சின்னவள் அன்றைக்கு வெளிச்சம் பற்றவில்லை என்று மட்டும் சொன்னாள். ஜன்னலைத்தான் பிடித்துவிட்டதாகப் பீற்றிக்கொண்டாயே என்று அவர் விடாமல் கேட்டார்.

"பிடிச்சேன் சார். திருப்பிக் கொடுத்துட்டேன்."

"கொடுத்துட்டியா? கம்பெனி பிடிச்ச இடத்தை அதுவா மனசு வந்து திருப்பிக் கொடுத்ததா நான் எங்கயும் படிச்சதில்லையேம்மா."

சின்னவள் மிச்சமிருந்த தாள்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தாள்.

"அவங்களுக்கு ஏறிப் போகக் கப்பல் இருந்துச்சு சார். நான் அதே வீட்டுலதானே இருந்தாகணும்."

கடைக்காரர் சிரிக்க வாயெடுத்தவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அவள் கொடுத்த தாள்களை மேஜைமேல் நீவிப் பரப்பி, கடைசியில் ஒன்றை மட்டும் எடுத்து மறுபடி அவளிடமே நீட்டினார். அது அவசரமில்லை, மெதுவாகச் செய் என்றார். அவள் அதையும் சேர்த்து இடுக்கிக்கொண்டு, பெரியவள் வாங்கி வரச் சொன்ன சாம்பல் நிற நூல் ஞாபகம் வந்து, அடுத்த கடைக்குப் போனாள்.